வெர்னா ட்ராஸ்க் கேட்ட கேள்வி

வெர்னா ட்ராஸ்க் செத்துப்போன மாதம் ஸ்டண்ட் பெண்கள் சங்கத்தின் பத்திரிகையில் மூன்று வரி போட்டார்கள். 1970 முதல் 2011 வரை தொழிலில் இருந்தவர். சங்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர். பின்னாளில் கருத்து வேறுபாட்டால் விலகினார். விலகினாராம். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, விலகினார் என்று எழுத எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும். தாளைக் கசக்கிக் குப்பையில் எறிந்தேன். அப்புறம் நானே போய்ப் பொறுக்கி எடுத்தேன். தள்ளிவிட்ட கைகளில் என் கையும் ஒன்று, அதனால்.

என் பெயர் லைல் ப்ரூயிட். கயிறு கட்டுகிறவன். சினிமாவில் ஒரு ஆள் பறந்தாலோ சுவரில் போய் மோதினாலோ, அந்த ஆளின் இடுப்பு வயருக்கு மறுமுனையில் நான் நிற்பேன். வெர்னாவோடு முப்பது வருஷத்துக்கு மேல் நின்றிருக்கிறேன். அவளைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லைதான். ஆனால் நடந்தது முழுக்கத் தெரிந்தவன் இப்போது நான் ஒருத்தன்தான் மிச்சம்.

அவளுடைய அப்பா சாட்ஸ்வொர்த்தில் கௌபாய் படங்களுக்குக் குதிரை விடுகிறவர். பத்தொன்பது வயதில் ஒருநாள் குதிரைகளை ஓட்டிக்கொண்டு ஷூட்டிங்குக்கு வந்தாள். ஹீரோயினுக்கு டூப் போட வேண்டிய ஆள் குடித்துவிட்டு வேனில் கிடந்தான். அசிஸ்டென்ட் ஒருத்தன் இவளிடம் வந்து, "ஏம்மா, உனக்குக் குதிரையிலேர்ந்து விழத் தெரியுமா?" என்றான். "தள்ளிப் பாரு" என்றாள். அன்றைக்கு ஆறு தடவை விழுந்தாள்.

இந்தத் தொழிலில் பெண்களுக்கு நடக்கிற அநியாயம் வெளியே யாருக்கும் தெரியாது. ஹீரோ கோட்டும் பேன்ட்டும் போட்டிருப்பான். அவன் டூப் அதற்குள்ளே முட்டிக்கு, முழங்கைக்கு, முதுகுக்கு என்று ஒரு மெத்தைக் கடையையே மறைத்து வைத்துக்கொள்ளலாம். ஹீரோயினுக்குக் கை இல்லாத குட்டைக் கவுன். அவள் டூப்புக்கும் அதேதான். எதை எங்கே ஒளிப்பது? அதே படிக்கட்டு, அதே சிமென்ட், வெறும் தோல். இவ்வளவுக்குப் பிறகும் பெரிய ஷாட் என்று ஒன்று வந்தால், "பொம்பளைங்க தாங்க மாட்டாங்கப்பா" என்று சொல்லி, ஒரு ஆம்பளைக்குக் காலைச் சிரைத்து விக் வைத்து இறக்கிவிடுவார்கள். எத்தனை ஷாட்டுகளில் அந்த வேலைக்குக் கயிறு பிடித்திருக்கிறேன் நான். வெட்கமாக இருக்கிறது.

1976-ல் பாலத்திலிருந்து ஆற்றில் கார் பாய்கிற ஷாட். வெர்னா மூன்று வாரம் அந்தக் காரிலேயே குடியிருந்து பழகினாள். ஷாட் அன்று காலையில் மேக்கப் நாற்காலியில் ராய்ஸ் டாலிவர் என்ற தடியன், பொன்னிற விக்கோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். வெர்னா நேராகப் போய் விக்கைப் பிடித்து இழுத்தாள். கொண்டை ஊசியோடு வந்துவிட்டது. அவன் நெற்றியில் ரத்தம்.

"ஏய், பைத்தியமா உனக்கு?"

"இது என் தலை. உன் மண்டையில என்ன பண்ணுது?"

அதற்குப் பிறகு பதினான்கு மாதம் அவள் வீட்டு டெலிபோன் அடிக்கவில்லை. சில்மாரில் ஒரு லாயத்தில் சாணி அள்ளினாள். ஆம்பளைகள் அவளுக்கு 'விக்குக்காரி' என்று பேர் வைத்துச் சிரித்தோம். சிரித்தோம் என்றுதான் எழுதுகிறேன், நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். அந்தப் பதினான்கு மாதத்தில் பதினோரு பெண்களைக் கூட்டி, தன் வீட்டுக் கார் ஷெட்டில் சங்கம் ஆரம்பித்தாள். பெண் வேடத்துக்கு ஆண் விக் வைக்கக் கூடாது என்ற முதல் விதியை அவள்தான் தன் கையால் எழுதினாள்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஆள் விழுந்ததும் மொத்த யூனிட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். விழுந்தவர் படுத்தபடியே கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார். உடனே எல்லாரும் கை தட்டுவார்கள். டைரக்டர் அடுத்த டேக் கேட்பார். அந்த விரலைத் தூக்காதவன் அடுத்த படத்தில் இருக்க மாட்டான். அதனால் எலும்பு உடைந்தாலும் விரல் உயரும். 1983-ல் வெர்னா கூரையிலிருந்து விழுந்து முதுகெலும்பில் விரிசல். விரலைத் தூக்கினாள். இன்னும் இரண்டு டேக் விழுந்தாள். அப்புறம் ஏழு வாரம் மாவுக்கட்டு. அடிபட்டது வெளியே தெரியாதபடி, ஒரேகானில் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று ஊரெல்லாம் சொன்னவன் நான்தான்.

அந்தக் கட்டோடு படுத்திருந்தபோதுதான் அவளுக்கு அந்த விரல் மேல் ஆத்திரம் வந்தது. "அந்த விரலைத் தூக்கினது நான் இல்லடா, என் பயம்" என்றாள். 1990-ல் ஸ்டண்ட் மாஸ்டர் ஆனாள். பெண்களில் அந்த நாற்காலிக்கு வந்தவர்கள் அப்போது விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஆனதும் அவள் செய்த முதல் காரியம், விரலைத் தூக்கினாலும் யாரும் கை தட்டக் கூடாது என்று சொன்னது. தானே நடந்துபோய்க் குனிந்து விழுந்தவரின் கண்ணைப் பார்ப்பாள். ஒரே ஒரு கேள்வி கேட்பாள். அன்றைக்கு அந்த இடத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்த யாருக்கும் தெரிகிற சாதாரணக் கேள்வி. சமையல் வண்டி என்ன நிறம், உன்னைக் கூட்டிவந்த டிரைவர் யார், அந்த மாதிரி. பதில் வரவில்லை என்றால் அந்த ஆள் அன்றைக்கு வீட்டுக்கு. டைரக்டர் தலைகீழாக நின்றாலும் விட மாட்டாள். மற்ற மாஸ்டர்கள் "டீச்சரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் ஸ்லேட்டை எடுங்க" என்று கிண்டல் அடித்தார்கள். அடிக்கட்டும். அவள் செட்டில் இருபத்தோரு வருஷம் ஒரு மண்டைகூட உடையவில்லை.

தினமும் காலையில் அன்றைய கேள்வியை எனக்கு மட்டும் சொல்வாள். விழுந்த ஆளிடம் முதலில் போய்ச் சேருகிறவன் கயிற்றுக்காரன். அவள் தூரத்தில் இருந்தால் நான் கேட்க வேண்டும். அதனால்தான் சொன்னாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அதை விழப்போகிறவர்களிடம் போய்ச் சொன்னேன். முதலில் ஒரு பையன். நல்லாத்தான் விழுந்தான், பதற்றத்தில் பதில் வரவில்லை, வீட்டுக்குப் போனான். அப்புறம் யாருமே அவனைக் கூப்பிடவில்லை. பாவம் என்று அடுத்த ஆளுக்குக் காதில் போட்டேன். அப்புறம் பழகிவிட்டது. "பெரிசு, இன்னைக்கு என்ன?" என்று காலையிலேயே வந்து நிற்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. நல்லவன் என்ற பேர் வாங்குகிற அரிப்பு, வேறென்ன. டாக்டர் வருவதற்கு முன்னால் நோயாளிக்கு விடையைச் சொல்லிக்கொடுக்கிற முட்டாள்தனம் எங்கள் தொழிலைத் தவிர வேறு எங்கேயும் நடக்காது.

2011 அக்டோபரில் லான்காஸ்டர் பாலைவனத்தில் ஷூட்டிங். பெட்ரோல் பங்க் வெடிக்கிற காட்சி. ஹீரோயினுக்கு டூப் இனெஸ் பராகான். முப்பத்தொரு வயசு. இன்றைக்கு இருக்கிற பெண்களில் அவளைப்போலப் பறக்க ஆள் இல்லை என்று வெர்னாவே சொல்வாள், அவள் முகத்துக்கு நேராக மட்டும் சொல்ல மாட்டாள். இடுப்பில் வயர். வெடித்ததும் என் காற்றழுத்த மெஷின் அவளைப் பின்னால் இழுத்துச் சுவரில் அடிக்க வேண்டும். காலையில் வெர்னா எனக்குச் சொன்ன கேள்வி: ஆம்புலன்ஸில் இருக்கிறவன் பேர் என்ன? இனெஸ் வந்தாள்.

"என்ன பெரிசு, இன்னைக்குப் பரீட்சையில என்ன வருது?"

"ஆம்புலன்ஸ்காரன் பேரு பெர்னல். போ, வேலையைப் பாரு."

மதியத்துக்கு மேல் முதல் டேக். இழுப்பு சரியாகத்தான் இருந்தது. காற்று ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டது. சுவரில் மெத்தை முடிகிற ஓரத்தில் தோள் பட்டு, கீழே விழுந்தபோது பின்மண்டை தரையில் ஒரு தடவை எம்பி விழுந்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. விரல் உயர்ந்தது. வெர்னா நடந்துபோய்க் குனிந்தாள். நான் பக்கத்தில் வயரைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"ஆம்புலன்ஸ்ல இருக்கிறவன் பேர் என்ன?"

"பெர்னல்" என்றாள் இனெஸ், டக்கென்று.

வெர்னா ஆம்புலன்ஸ் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து நின்று, "இவ இன்னைக்கு இனிமே பறக்க மாட்டா" என்றாள்.

இனெஸ் துள்ளி எழுந்தாள். "பாஸ், பதில் சொன்னேன்ல? நல்லாத்தான இருக்கேன்?"

"கண்ணு சரியில்ல உனக்கு. போய் உக்காரு. டாக்டரைப் பாரு."

முதல் டேக்கில் கேமரா ஃபோகஸ் போய்விட்டிருந்தது. வெயிலோ இன்னும் நாற்பது நிமிஷம்தான். புரொடக்ஷன் மேனேஜர் வின்ஸ் ஓடி வந்தான். நல்ல சட்டை, நாற வாய். "வெர்னா, பொண்ணே ரெடின்னு சொல்றா. நீ யாரு வேண்டாம்னு சொல்ல? உனக்கு இஷ்டம் இல்லன்னா கிளம்பு, நானே அனுப்பிக்கிறேன்."

"வேற பொண்ணை வரவழை."

"ஊர்லேர்ந்து வர ரெண்டு மணி நேரம் ஆகும். அதோ அந்த ஸ்டண்ட் பையன் கோடி சும்மாதான நிக்கிறான், ஒல்லியா இருக்கான். அவன் தலையில விக்கை வை. இல்லன்னா இவ போறா. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

அவள் கோபித்துக்கொண்டு போனால், இனெஸ் இன்னும் பத்து நிமிஷத்தில் பறப்பாள். அடி வாங்கிய மண்டை இன்னொரு தடவை வாங்கினால் என்ன ஆகும் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். நான் அப்போதே வாயைத் திறந்திருக்கணும். அந்தப் பதில் அவளுடையது இல்லை, நான் சொல்லிக்கொடுத்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆம்புலன்ஸ்காரனே சோதித்து நிறுத்தியிருப்பான், விக்கும் வேண்டியிருந்திருக்காது. என் வேலை போய்விடும் என்று வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

வெர்னா கோடியை உட்காரவைத்துத் தன் கையால் விக்கை வைத்தாள். ஊசியை ஒவ்வொன்றாகக் குத்தினாள். அறுபது வயசு அவளுக்கு. இனெஸ் எதிரே வந்து நின்று பார்த்தாள்.

"பாஸ், நீங்களா? நீங்க போய் இதைச் செய்றீங்களா?"

வெர்னா கடைசி ஊசியையும் குத்தினாள். கோடி பறந்தான், எழுந்தான், எல்லாரும் வீட்டுக்குப் போனோம். இனெஸ் டாக்டரிடம் போகவில்லை. டாக்டர் சீட்டில் மண்டை என்று ஒரு வார்த்தை ஏறினால் அப்புறம் ஒரு வருஷத்துக்கு எவனும் கூப்பிட மாட்டான்.

ஒன்பது நாள் கழித்து சனிக்கிழமை மதியம் பர்பேங்கில் சங்கத்தின் கூட்டம். மடக்கு நாற்காலி, காபி, டோனட். வெர்னாவின் மேல் குற்றச்சாட்டு. அவள் எழுதிய முதல் விதியை அவளே மீறிவிட்டாள். இனெஸ் எழுந்து பேசினாள்.

"என்னைக் கேள்வி கேட்டாங்க. சரியா பதில் சொன்னேன். அதுக்கப்புறமும் என் ஷாட்டைப் பிடுங்கி ஒரு ஆம்பளைக்குக் கொடுத்தாங்க. இந்தப் பொம்பளையைப் பார்த்துத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். இப்ப நெனைச்சா எனக்குக் குமட்டுது."

தலைவி மைக்கைப் பிடித்து, "வெர்னா, என்ன காரணத்துக்காக நிறுத்துனீங்க?" என்றாள்.

"அவ கண்ணு சரியில்ல. தயவுபண்ணி அவளை டாக்டர்கிட்ட அனுப்புங்க."

"கண்ணா? நீங்க என்ன கண் டாக்டரா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். சிரித்தார்கள். வெர்னா உட்கார்ந்துவிட்டாள். சாட்சி என்று என்னையும் கூப்பிட்டார்கள். பதில் சரியா என்று கேட்டார்கள். "சரிதான்" என்றேன். ஓட்டெடுத்தார்கள். அவள் கார் ஷெட்டில் பிறந்த சங்கத்திலிருந்து அவளை நீக்கினார்கள். சங்கம் நீக்கிய மாஸ்டரை எந்தக் கம்பெனியும் அப்புறம் கூப்பிடவில்லை. நாற்பத்தொரு வருஷம் அன்றைக்கு மதியம் மூன்று மணிக்கு முடிந்தது.

இனெஸுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை சான்டா கிளாரிட்டாவில் வேறொரு படம். காரின் பானட்டில் உருள்கிற சின்ன வேலை. வெர்னா அந்த மாஸ்டருக்குப் போன் பண்ணி, அந்தப் பொண்ணை இறக்காதே என்று கெஞ்சியிருக்கிறாள். "உன்னைத் துரத்திட்டாங்கன்னு அவ பொழப்பையும் கெடுக்கப் பாக்குறியா?" என்று அவன் வைத்துவிட்டான். இனெஸ் உருண்டாள். தலை கண்ணாடியில் லேசாகப் பட்டது, அவ்வளவுதான். எழுந்தாள், பத்தடி நடந்தாள், விழுந்தாள். மூளைக்குள் ரத்தம். கார் ஓட்டினவன் பிரேக்கை லேட்டாகப் போட்டான் என்று பேசி முடித்துவிட்டார்கள். இப்போது பாம்டேலில் அக்கா வீட்டில் இருக்கிறாள். வெளிச்சம் ஆகாது. நேற்றைக்கு நடந்தது இன்றைக்கு இருக்காது.

பத்து வருஷம் நான் வெர்னா வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன், இதைப் பேசாமல். கடைசிக் குளிர்காலத்தில், சிறுநீரகம் போய் அவள் பாதி ஆளாகிவிட்ட பிறகு, ஒருநாள் மத்தியானம் சன்லாந்தில் அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"பெர்னல் அன்னைக்கு மதியம் சாப்பாட்டுக்கு முன்னாலயே போயிட்டான்டா. பொண்டாட்டிக்கு வலி எடுத்துடுச்சுன்னு. அவனுக்குப் பதிலா ஒகாடான்னு ஒருத்தன் வந்தான். நீ மெஷின்கிட்ட இருந்த, உனக்குத் தெரியாது. இனெஸ் பக்கத்துல உக்காந்துதான் சாப்பிட்டான். அரை மணி நேரம் ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசினாங்க."

அவள் அடுத்த கிழங்கை எடுத்தாள்.

"அவளுக்கு மதியம் நடந்தது எதுவுமே ஞாபகம் இல்ல. காலையில யாரோ ஊட்டிவிட்ட பேரு மட்டும் இருந்துச்சு. அந்தக் கேள்வியை நான் உன்கிட்ட மட்டும்தான்டா சொன்னேன்."

"அப்ப கூட்டத்துல ஏன் சொல்லல?" என்று கத்தினேன். ஆமாம், நான் அவளைப் பார்த்துக் கத்தினேன். "இதைச் சொல்லியிருந்தா அவளைப் பிடிச்சு ஆஸ்பத்திரியில போட்டிருப்பாங்களே. என்னைக் காப்பாத்தச் சொல்லி யார் கேட்டா உன்னை?"

"பதில் தப்புன்னு சொன்னா, அந்தப் பேரை யார் ஊட்டினாங்கன்னு கேப்பாங்க. உன்னைக் காட்டிக் கொடுத்திருக்கணும்" என்றாள். "கொடுக்கல. நீயா எழுந்து சொல்லுவேன்னு நெனைச்சேன். உன் பேரைக் கூப்பிட்டாங்க, நீ எழுந்த, சொல்லப் போறேன்னுதான் பாத்துட்டிருந்தேன்."

மார்ச்சில் செத்துப்போனாள். கூட வேலை செய்கிறவன் என்று என்னைக் காட்டிக்கொடுக்காதவள், ஒருத்தியின் மூளை போகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் தொழிலில் இதற்கு விசுவாசம் என்று பேர். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. அவள் மேலும் கோபம்தான். செத்தவள் என்று விட முடியவில்லை.

அந்த மூன்று வரியைப் படித்த மறுநாள் பாம்டேலுக்குப் போனேன். இனெஸின் அக்கா டெல்ஃபினா கதவைத் திறந்தாள். ஜன்னலெல்லாம் திரை. இனெஸ் கறுப்புக் கண்ணாடியோடு சோபாவில் இருந்தாள். "பெரிசு, எப்படி இருக்க?" என்றாள். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டே வந்திருந்தேன், அவ்வளவு கேவலமானவன் நான்.

எல்லாவற்றையும் சொன்னேன். நிதானமாக, ஒன்றுகூட விடாமல். நடுவில் இரண்டு தடவை நிறுத்தி, சொன்னதையே திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"அப்ப பாஸ் சொன்னதுதான் சரியா?"

"ஆமா."

"நான் அவங்களைத் திட்டினேனா?"

"திட்டின. கூட்டத்துல, எல்லார் முன்னாடியும்."

"அவங்களை வரச் சொல்லு. நான் பேசணும்."

"செத்துட்டாங்க இனெஸ். மார்ச்சுல."

அவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேன்டி" என்றாள் டெல்ஃபினா. "நாலு தடவை சொல்லிட்டேன். நாலு தடவையும் அழுத."

இனெஸ் எழுந்து என் எதிரே வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். மேஜையில் இருந்த நோட்டையும் பேனாவையும் எடுத்து என் மடியில் போட்டாள்.

"எழுது. நீ செஞ்சது, பாஸ் செஞ்சது, அவங்க எப்படிப்பட்டவங்கன்னு எல்லாத்தையும் ஒண்ணு விடாம எழுது. நாளைக்கு எனக்கு இது எதுவும் ஞாபகம் இருக்காது. அக்கா தினமும் காலையில எனக்குப் படிச்சுக் காட்டட்டும். நாளைக்கும் நான் உன் மேல கோவப்படணும்."

எழுதிக் கொடுத்துவிட்டேன். இதுதான் அது.